இரும்புக் கடைக்குப் போகவிருந்த ஐந்து லெப்டொப்கள்



கணினி அறையில் கிடக்கும் பழைய லெப்டொப் ஐந்தையும் விற்றுவிடலாமா என்று பழைய மாணவர் சங்கத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். விற்க வேண்டாம். ஐந்திலும் இப்போது வைஃபை வேலை செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

"வைஃபை காட் செத்துப் போச்சு, புதுசு போடணும்" என்றுதான் கடையில் சொன்னார்கள். ஐந்து காட்டும் ஒன்றாகவா சாகும்? விண்டோஸ் இழுக்காத மெஷின்கள் என்பதால் ஏற்கெனவே லினக்ஸ் போட்டிருந்தோம். எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் கே சேர்த்து அடித்தால், எந்தக் காட், அதை எந்த ட்ரைவர் பிடித்திருக்கிறது என்று காட்டும். காட் புரோட்கொம். ட்ரைவரும் பி43 என்று சரியாகவே இருந்தது. இல்லாதது ஃபர்ம்வெயார், அதாவது காட்டுக்குள் ஏற்ற வேண்டிய சின்ன மென்பொருள். டிமெசெக் அடித்தபோது அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று கர்னலே சொல்லியிருந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை.

பி43 ட்ரைவரின் கதை தனிக்கதை. கம்பனி விபரம் கொடுக்காததால், தன்னார்வலர்கள் காட் இயங்கும் விதத்தைத் துருவி ஆராய்ந்து எழுதியது அது. ஆனால் ஃபர்ம்வெயார் கம்பனியின் சொத்து. லினக்ஸோடு சேர்த்துப் பகிர உரிமை இல்லை, நாம்தான் தனியாக இறக்க வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்! போனை யூஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங் போட்டோம். அதற்கான ட்ரைவர் கர்னலோடே வருகிறது. ஃபர்ம்வெயார் இறங்கியதும் மொட்ப்ரோப் கட்டளையால் ட்ரைவரைக் கழற்றி மீண்டும் ஏற்றினோம். வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன.

உயர்தரப் பிள்ளை ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: "சேர், கர்னல் மெனுவில் இந்த ட்ரைவருக்கு ஏன் எம் போட்டிருக்கு? வை போட்டா என்ன?" வை போட்டால் ட்ரைவர் கர்னலுக்குள்ளேயே ஒட்டிவிடும். மெஷின் எழும்பும்போது ஹார்ட் டிஸ்க் திறக்குமுன்பே ஃபர்ம்வெயாரைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடக்கூடும். எம் என்றால் தனி மொடியூல், டிஸ்க் திறந்த பிறகு ஏறும். வேண்டிய நேரம் கழற்றவும் முடியும். ஃபர்ம்வெயார் கேட்கும் காட்டுக்கு எம்தான் வசதி. பாடப்புத்தகத்தில் 'இயக்கி' என்று ஒரு வரியில் முடிந்துபோகும் விடயம், அன்று இரண்டு பாடவேளை ஓடியது.

யாருடைய வீட்டிலாவது "வைஃபை செத்த" லெப்டொப் இருந்தால், கடையில் கொடுக்குமுன் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினி அறைக்குக் கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்க வேண்டாம். பார்ப்பது பிள்ளைகள்தான், காசு இல்லை.