மருந்து ஜன்னலில் சொல்லி அனுப்புதல்

மருத்துவர் எழுதிய மருந்தை நோயாளியின் அன்றாடத்துக்குப் பொருத்திச் சொல்லி அனுப்புவது மருந்தாளுநருக்கும் வார்டு சிஸ்டருக்கும் உரிய தொழில். ஓசூரில் அதற்கு ஒரு மொழி போதாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஊரில் முன்பிருந்தே புழங்குபவை. சிப்காட் ஆலைகள் இந்தியையும் கொண்டுவந்து சேர்த்தன.

மொழி தெரிந்தவரும் இங்கே தவறுவதுண்டு. தெலுங்கில் 'தினக முந்து' என்றால் சாப்பிடும் முன். 'தின்னாக' என்றால் சாப்பிட்ட பின். கூட்ட நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு அப்பால் நிற்பவர் காதில் பாதிச் சொல்தான் விழும். கெலமங்கலத்துப் பாட்டி 'சரிம்மா' என்று தலையாட்டியதும் அடுத்த சீட்டைக் கூப்பிடுபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது, பஸ் போய்விடும் என்பதற்காகச் சொன்ன 'சரி' அது. எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்று பாட்டி தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய சிஸ்டர்கள் இதை விட்டுக்கொடுத்ததில்லை.

1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்ற எழுத்து ஆலைத் தொழிலாளிக்கு அப்படியே பொருந்தாது. இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு விடிகாலைதான் படுக்கும் நேரம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைக் காலை என்று எழுதியிருப்பதால் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். ஆகவே இந்த ஷிப்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதே முதல் கேள்வி. பதில் பொருந்தாவிட்டால் சீட்டை மருத்துவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினம் இன்சுலின். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகத் தரும் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பெங்களூரு தனியார் மருத்துவமனைக்குப் போய் வருபவர் கையில் பெரும்பாலும் 100 யூனிட் மருந்து இருக்கும். அதற்கு ஆரஞ்சு மூடி. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தபின் பணம் போதாமல் அரசு மருத்துவமனைப் பாட்டிலுக்கு மாறுகிறார். வீட்டில் மிஞ்சிய ஆரஞ்சு சிரிஞ்சை வீணாக்க மனம் வருவதில்லை. அதில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. 'கவர்மெண்ட் மருந்து வேலை செய்யாது' என்று மருந்தின் மேல் பழி விழும். மருத்துவரும் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் சரியான சிவப்பு சிரிஞ்ச் கைக்கு வந்தால், அதே கோட்டில் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் இழுத்தாலும் 10 கோட்டில் 25 யூனிட் போகும். ஊசி போட்டுக்கொள்பவர்கள் பலர் சிரிஞ்சைக் கையோடு கொண்டுவருவதில்லை. ஜன்னலில் மருந்து தருபவர் கேட்டு வாங்கிப் பார்த்தாலொழிய இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2022 ஜனவரியில் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மருந்துக்கும் கட்டடத்துக்கும் இருந்த தட்டுப்பாடு குறைந்திருக்கிறது. சொல்லி அனுப்பும் நேரம் மட்டும் கூடவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் கைப்பேசி மொழிபெயர்ப்பைக் காட்டுகிறார்கள். 'விளக்கப்பட்டது' என்ற முத்திரை குத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள். படிக்கத் தெரியாதவர் அந்தக் கையெழுத்தை எதை நம்பிப் போடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. படுக்கை எண்ணிக்கையும் ஸ்கேன் கருவியும் விளம்பரத்தில் வருகின்றன. அரை நிமிடம் கூடுதலாக நின்று பேசியவரின் வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களால்தான் இந்தத் தொழில் தேய்கிறது.

இன்சுலின் வாங்குவோர் வீட்டில் இருக்கும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுவாருங்கள். பாட்டிலில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40 இருக்க வேண்டும். 100 என்றால் 100. எண் ஒத்துப்போகிறதா என்று ஜன்னலிலேயே கேட்டு, பார்த்துவிட்டுப் போங்கள். வீடு போய்ச் சேர்ந்தபின் சந்தேகம் வந்தால், ஊசி போடும் முன் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.