காய்ச்சலும் ஸ்பிரிட் போத்தலும்

சுங்கை லாலாங்கில் நாங்கள் வளர்ந்த நாள்களில், எவருக்குக் காய்ச்சல் கண்டாலும் பாட்டி ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் உடல் முழுவதும் துடைத்துவிடுவார். சில்லென்றிருக்கும், காய்ச்சல் இறங்கிவிட்டதாகவே நம்பினோம். சென்ற வாரம் என் மாணவன் ஒருவன் அதே வாடையோடு வகுப்பிற்குள் வந்தபோது திடுக்கிட்டேன்.

மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் கலந்துவிடும். நினைவிழக்கவும் கூடும். அன்று மாலையே தாயாரிடம் பேசினேன்.

“எங்கம்மாவும் எனக்கு இப்படித்தான் செய்தாங்க டீச்சர்,” என்றார்.

என் பாட்டியும்தான் என்றேன்.

போத்தலை எறிய வேண்டியதில்லை, பெற்றோரே. 70 விழுக்காட்டுக் கரைசல் வெப்பமானியைத் துடைக்க ஏற்றது, வெண்பலகையில் அழியாத மையையும் (என் அன்றாடத் தொல்லை!) நீக்கும். அடுப்பருகே மட்டும் வைக்காதீர்கள்.

மறுநாள் அவன் வரவில்லை. கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றதாகத் தாயார் தகவல் அனுப்பியிருந்தார்.