விடாது கருப்பும் என் மாமனாரும்

சீரியல் என்றாலே மாமியார் மருமகள் சண்டைதான் என்று இருப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். எனக்குப் பிடித்தது எப்போதும் பூதம், மாயம், மர்மம், ராக்கெட் வகைதான். எழுபது வயதில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் டிரெக்' போட்டார்கள். ஆங்கிலம் பாதிதான் புரியும். கூர்க்காது ஸ்பாக் புருவத்தை உயர்த்துவதை வைத்துக் கதையை ஊகித்துக்கொள்வோம். பிறகு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் தூர்தர்ஷனுக்கு வந்தது. ஆனால் விகடனில் படித்தபோது மனசுக்குள் ஓடித் திரிந்த ஜீனோ வேறு, திரையில் வந்த ஜீனோ வேறு. அந்தக் கதை நடப்பதாகச் சொன்ன 2021 வந்தும் போய்விட்டது. பேசும் இயந்திர நாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில்தான் 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் சோதனை ஓடியது. அந்தப் பாதை எங்கள் கரையான்சாவடி வழியாகத்தான் போகிறது.

இவற்றையெல்லாம் விட நான் உச்சியில் வைப்பது 'மர்மதேசம்'. அதிலும் 'விடாது கருப்பு'. தொண்ணூறுகளின் பின்பாதி, சன் டிவி. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. வாரத்தில் ஒரு நாள்தான் வரும். அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம் கொடுத்தாலும் யாரிடமாவது தள்ளிவிட்டு பஸ் பிடித்துவிடுவேன்.

கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஊரில் தப்பு செய்கிறவர்களைக் காவல் தெய்வமான கருப்பு குதிரையில் வந்து தண்டிக்கிறது. சாமியா, ஆளா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போய், ஒரே உடம்புக்குள் இரண்டு மனுஷன் வாழும் மனநோயில் கொண்டு போய் முடித்தார்கள். நான் மெச்சுவது அந்த விடையை மட்டுமல்ல. விடை சொல்லும்போது ஊர் ஜனங்களை முட்டாள்களாக்கவில்லை என்பதைத்தான்.

இது எனக்கு வெறும் ரசனை விஷயம் இல்லை. என் மனைவியின் ஊர் உசிலம்பட்டி பக்கம். குலசாமியே கருப்புதான். அவள் தம்பிக்கு இருபது வயதிலிருந்து திடீர் திடீரென்று குரல் மாறும், ராத்திரியில் எழுந்து போய்விடுவான், யாரோ கூப்பிடுவதாகச் சொல்வான். சாமி இறங்குகிறது என்று மூன்று வருஷம் கோடாங்கியிடம் அலைந்தார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னால், "பட்டணத்து மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்" என்பார்கள்.

அந்த வீட்டிலும் 'விடாது கருப்பு' ஓடியது. கருப்பு பற்றிய கதை ஆயிற்றே, பக்தியோடு பார்த்தார்கள். தொடர் முடிந்த மறு வாரம் மாமனார் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "ஏன் மாப்ள, டிவியில காட்டுனாகளே, அது மாதிரிதான் நம்ம பயலுக்குமா?"

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். நோய் வேறாகத்தான் இருந்தது, பெயர் வேண்டாம். மாத்திரையில் அடங்கியது. "மாத்திரையும் போடட்டும், கருப்புக்கு கிடாயும் வெட்டுவோம்" என்றார் மாமனார். இரண்டையும் செய்தார். மச்சினனுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

என் வீட்டம்மாவுக்கு மட்டும் அந்த முடிவு இன்றும் பிடிக்காது. "கடைசியில சாமியை நோயாக்கிட்டாங்க" என்பாள். தம்பியைக் காப்பாற்றியது அதுதானே என்றால், "அது வேற, கதை வேற" என்று எழுந்து போய்விடுவாள்.

அப்புறம் வந்த 'சிதம்பர ரகசியம்' நாடி ஜோசியத்தை வைத்து நன்றாகவே செய்தது. இன்றைய பாம்புத் தொடர்களில்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. 'நந்தினி', டப்பிங்கில் வந்த 'நாகினி' இரண்டுக்கும் கிராபிக்ஸ் பணம் தாராளம். ஆனால் பாம்பு பெண்ணாக மாறும்போது யாரும் ஏன், எப்படி என்று கேட்பதில்லை. கேட்க ஒரு டாக்டரோ பகுத்தறிவுக்காரரோ கதையில் இல்லை. இருந்தாலும் அடுத்த எபிசோடில் பாம்பு கடித்துவிடும்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். செய்தி வந்த அன்று மச்சினன் போன் செய்தான். "மாமா, அந்தத் தொடர் யூடியூப்ல இருக்கா?" இருக்கிறது என்றேன். குதிரைச் சத்தம் வரும் காட்சி எத்தனையாவது எபிசோடு என்று கேட்டான்.