எந்த ஒலியைத் தோண்டுவது?

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் திடலில் உங்கள் மோதிரம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேடுவதற்கு 'மெட்டல் டிடெக்டர்' ஒன்றும் இரவல் கிடைத்துவிட்டது. கவலை தீர்ந்ததா? இனிமேல்தான் ஆரம்பம்!

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் லாரிகள் பறக்கிற வட்டாரம் அல்லவா? அடிக்கு அடி ஆணி, சோடா மூடி, சிகரெட் பெட்டித் தாள். கருவி ஓயாமல் கத்தும். எதைத் தோண்டுவது, எதை விடுவது?

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் சிநேகிதர் இதில் கைதேர்ந்தவர். இரும்பு ஆணிக்குக் கருவி பெரும்பாலும் கீழ்ஸ்தாயியில் உறுமுமாம். வெள்ளிக்கும் செம்புக்கும் மேல்ஸ்தாயி. குறுக்கே திரும்பி ஆட்டினால் மறைந்துபோகும் ஒலியைச் சந்தேகிக்க வேண்டும்; எந்தப் பக்கமிருந்து ஆட்டினாலும் மாறாத ஒலியைத் தோண்டலாம். குப்பை மிகுந்த இடத்தில் சின்ன வளையத்தை மாட்டி, நிதானமாக ஆட்டுவது நல்லது.

"குப்பைக்கு மட்டும் ஒலிக்காதபடி கருவியைத் திருப்பி வைத்துவிடலாமே?" என்று கேட்டேன்.

சிரித்தார். "மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் கிட்டத்தட்ட ஒரே குரலில்தான் பேசும். தாள் வேண்டாம் என்றால் தங்கமும் போச்சு!"

ஏரிக்கரையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி அது. மோதிரத்துக்குப் பதில் புதையலே அகப்பட்டாலோ, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துச் சட்டம்.

மோதிரம் தேடுகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. அலுத்துப்போனால் நாலு ஒலியை விட்டுவிடலாம். இலங்கையில், யாழ்ப்பாணம் போகும் சாலையில் இருக்கும் முகமாலையில் இதே மாதிரிக் கருவியை ஏந்தியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2009-இல் போர் முடிந்த பிறகு அங்கே மிதிவெடி அகற்றும் வேலைக்கு வந்தவர்களில் பெண்கள் பலர். மண் முழுக்கத் துப்பாக்கி ரவையும் ஷெல் துண்டும். பிளாஸ்டிக் மிதிவெடியிலோ உலோகம் மிகமிகக் கொஞ்சம். ஆகையால் ஒவ்வோர் ஒலியையும் வெடி என்றே பாவித்து, மெல்ல மெல்லத் தோண்டிப் பார்க்க வேண்டும். அநேகமாகக் கிடைப்பது துருப்பிடித்த இரும்புதான். அடுத்த ஒலிக்கும் அதே பொறுமை வேண்டும்.

எதைத் தோண்டுவது என்பதைக் காது மட்டும் தீர்மானிப்பதில்லை. தோண்டாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதையும் யோசித்தாக வேண்டும். மோதிரம் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். முகமாலையில் அந்த மண்மீது நடந்துவரப் போகிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.