தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து

பினாங்கு,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புத் தோழிக்கு,

உன் சின்னத் தாத்தாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் பார்த்துவிட்டேன். ஒருவர் விடாமல் உன்னை விசாரித்தார்கள். நீ கொடுத்தனுப்பிய சீப்புச் சீடையை உன் அக்கா சாமி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியும் மத்தியானத்துக்குள் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள்.

இந்த வருடம் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பொது விடுமுறை ஞாயிறன்று விழுந்தால் இங்கே திங்களையும் விட்டுவிடுவார்கள். அதனால் கோலாலம்பூர், ஜொகூர் என்று எங்கெங்கோ வேலை பார்க்கிறவர்கள் வெள்ளி இரவே குடும்பத்தோடு கிளம்பிப் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கூடம், மாடிப்படி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் பாய்தான்.

இவர்கள் எல்லோரும் கெடாவில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். உன் சின்னத் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, வந்து இறங்கியது இந்தப் பினாங்கில்தானாம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தின் பெயரில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதை மட்டும் இவர்கள் விடவில்லை. "கல்யாணத்துக்குக்கூட எல்லாராலயும் வர முடியாதும்மா, பூசத்துக்கு வந்துருவோம்" என்றார் உன் பெரியப்பா.

நான் போய் இறங்கிய காலையில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" இரண்டாவது பேச்சு, "பசியாறிட்டு வா, வெங்காயம் உரிக்கணும்." அவ்வளவுதான், நான் அந்த வீட்டு ஆளாகிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டி, நல்லபடியாகச் சாப்பிட வைத்து அனுப்பியிருந்தால் நான் விருந்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். கையில் கத்தியைக் கொடுத்து வட்டத்தில் இடம் விட்டதால் அவர்கள் பேச்சு எனக்குக் கிடைத்தது.

என்ன பேச்சு! விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போன அம்மாக்களைப் பற்றி. கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்களாம். அங்கே ஒரே தூளியில் மாறி மாறித் தூங்கிய இருவர் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்று வங்கி அதிகாரி, மற்றவர் கிள்ளானில் லாரி ஓட்டுநர். ஒருவர் பாதியில் விட்ட கதையை மற்றவர் முடிக்கிறார். யாராவது இறந்தவர் பெயர் வந்தால் கத்திச் சத்தம் கொஞ்சம் தணியும், பிறகு இன்னொருவர் அந்த மனிதரின் குரலிலேயே பேசிக்காட்டுவார், மறுபடி சிரிப்பு. நான் பார்த்தே இராத மனிதர்கள் அத்தனை பேரும் எனக்குத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

பூசத்துக்கு முந்தின நாளான சனிக்கிழமை செட்டிப்பூசம். பினாங்குத் தெருவில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் விடியற்காலையிலேயே புறப்படும். நாங்கள் அண்டாக்களை லாரியில் ஏற்றிப் பாலம் கடந்து தீவுக்கு வந்து பந்தலில் இறக்கிவிட்டு ரதத்தை எதிர்கொள்ளப் போனோம். 1894-இல் நம் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்த ரதம் அது. காளைகள் பூட்டிய அந்த ரதத்தில் முருகன் வருவதைக் கடல் கடந்த ஊரில் நின்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் மலை. அதைக் குவித்துவைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, ரதம் நெருங்கும்போது குடும்பமாக நின்று உடைக்கிறார்கள். தேங்காய்த் தண்ணீர் முழங்கால் வரை தெறிக்கிறது. உடைந்த ஓடுகளை அள்ள இயந்திரம் பின்னாலேயே வருகிறது. எங்கள் பந்தலுக்கு எதிரில் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் வருடா வருடம் ஐஸ் கட்டிகளைத் தன் செலவில் இறக்கிவிடுவாராம். இந்த வருடமும் இறக்கினார். உடம்புக்கு முடியாமல் நாற்காலியில் இருந்தபடியே மகனை விட்டு இறக்கச் சொன்னார். பெரியப்பா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

காவடிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நீயும் படித்திருப்பாய். நான் பெரும்பாலும் மோர்ப் பானைக்குப் பின்னால்தான் நின்றேன். பக்கத்தில் தயிர்ச்சாதம், சைவ மீஹூன், ரோஜா நிறத்தில் பண்டுங் பானம். இரவு முழுக்க உறுமி மேளம். பால்குடம் எடுத்தவர்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்ட சீனப் பெண், சுற்றுலா வந்த வெள்ளைக்காரர், துப்புரவுப் பணியாளர்கள், எல்லோருக்கும் ஒரே குவளை. ஞாயிறு அதிகாலை, கொஞ்சம் கூட்டம் விட்ட நேரத்தில், அக்கா என்னைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப்போனாள். 513 படி. முழங்கால் வலிக்கிறது என்று நடுநடுவே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கென்று கேட்டுக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. அவள் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது திங்கட்கிழமைதான். விழா முடிந்த அசதியில் யாரும் ஓடிவிடவில்லை. பாத்திரம் தேய்த்தார்கள், தகரங்களைக் கழற்றி எண்ணிக் கட்டினார்கள், மீந்த அரிசியை முதியோர் இல்லத்துக்குப் பிரித்து வைத்தார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து, அக்காவின் அண்ணன் கணக்கு நோட்டைப் பிரித்து வரவையும் செலவையும் வரிவரியாக வாசித்தார். பள்ளிக்கூடப் பையன் உண்டியலிலிருந்து கொடுத்த ஐந்து ரிங்கிட்டும் பெயரோடு வாசிக்கப்பட்டது. அந்தப் பையன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

எத்தனையோ ஊருக்குப் போகிறோம், கோவிலும் கடலும் பார்த்துவிட்டு வருகிறோம். கிடைத்த இந்த நீண்ட விடுமுறையை இவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. வருடமெல்லாம் காத்திருந்து பார்க்கிற முகங்களுக்கு நடுவே, இதுவரை பார்த்திராத எனக்கும் இடம் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்த நேரம் அவர்களில் ஒவ்வொருவருக்கும் குறைந்த நேரம்தானே? அதை நினைக்கும்போது மனசு நிறைந்து போகிறது. அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன், "பேசாம சாப்பிடு" என்று சொல்லிவிட்டாள். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

அடுத்த வருடத்துக்கு யார் யார் என்ன என்று அந்த நோட்டிலேயே எழுதுகிறார்கள். மோர் என் பொறுப்பு என்று எழுதியாகிவிட்டது. உன் பெயரையும் போடட்டுமா என்று அண்ணன் கேட்டார். நீயே போனில் சொல்வாய் என்றேன். அக்காவின் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். இங்கே கடிகாரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதனால் நம் ஊர் நேரம் இரவு ஏழுக்குள் கூப்பிடு. உன் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள், பெரியப்பா அவரிடம் பேச வேண்டுமாம்.

அன்புடன்,
உன் தோழி