வளர்ற பிள்ளைதானே என்று வாங்கினேன்!

பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை, "ரெண்டு இஞ்சு கூட விட்டுத் தைங்கண்ணே, வளர்ற பிள்ளை" என்பதுதான். செருப்பு வாங்கினாலும் ஒரு நம்பர் பெரிதாகத்தான் வாங்குவேன். கூட ஒரு வருஷம் ஓடுமே! இந்தக் கணக்கை நடுத்தரக் குடும்பத்துத் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இது எல்லாப் பொருளுக்கும் செல்லாது என்பதை, என் மகளின் மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல வேறொரு தாய் ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மதுரையை அடுத்த ஒத்தக்கடை. வாசலில் நின்றால் யானைமலை தெரியும். இவர் மாவு மில் வைத்திருக்கிறார். மூத்தவன் பாலிடெக்னிக் படிக்கிறான். சின்னவள் எட்டாவது. படிப்பில் நடுத்தரம், வாயில் முதல் தரம்! இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி விளையாடுகிறாள். பள்ளிக்கூடத்து ஸ்டிக்குகள் மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான். விரிசல் விட்டு, டேப் சுற்றி, யார் முதலில் ஓடுகிறார்களோ அவர்களுக்கு நல்லது கிடைக்கும்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்களுக்கான ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம் மதுரையிலும் நடந்தது அல்லவா? ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு இவளையும் தோழிகளையும் பி.டி. டீச்சர் ஒரு நாள் அழைத்துப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் காப்பி கூடக் குடிக்கவில்லை. "அம்மா, அவங்க பந்தை அடிக்கிற சத்தம் கேட்டிருக்கணும்மா!" என்றாள். இரண்டு நாள் கழித்து மெதுவாக, "எனக்குன்னு ஒரு ஸ்டிக் வேணும்மா" என்றாள்.

இவரிடம் சொன்னேன். "வாங்கிக் கொடு, கெட்ட பழக்கமா என்ன? ஆனா மில்லு மோட்டாருக்குக் காயில் கட்டணும், இப்ப என்கிட்ட கேக்காதே" என்று சொல்லிவிட்டார். சரி, இருக்கவே இருக்கிறது என் சிறுவாட்டுப் பணம். பருப்பு டப்பாவுக்கு அடியில் மூன்று வருஷமாகச் சேர்த்தது. பொங்கல் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி. இரண்டு ஸ்டிக்கை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். ஒன்று 35 அங்குல நீளம், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். நாரிழைதான் அதிகம், கார்பன் கொஞ்சம். இன்னொன்று முப்பத்தேழரை அங்குலம், முழுக்கக் கறுப்பு, கார்பன் அதிகம், ஆறாயிரத்து இருநூறு. "அக்கா, பாப்பா உயரத்துக்குச் சின்னது சரியா இருக்கும். பெருசு நல்லா விளையாடப் பழகினவங்க வாங்குறது" என்று அவர் சொல்லத்தான் செய்தார். என் மகளும் சின்னதைத்தான் வெகு நேரம் கையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் யூனிபார்ம் கணக்கைப் போட்டேன். "வளர்ற பிள்ளை தம்பி. சின்னது வாங்கினா அடுத்த வருஷம் பத்தாது. பெருசு நாலு வருஷம் வரும்" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அது மட்டும் காரணமில்லை. தெருவில் நாலு பேர் பார்க்க, என் மகள் அந்தக் கறுப்பு ஸ்டிக்கைத் தோளில் போட்டு நடக்க வேண்டும் என்று ஓர் ஆசை. நான் பத்தாவது படிக்கும்போது வளையப்பந்தில் ஜோன் அளவுக்குப் போனவள். கிழியாத கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பழைய குறையும் மனசுக்குள் இருந்திருக்கும். ஆறாயிரத்து இருநூறையும் எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு மாதம் என் பாடு கொண்டாட்டம்தான்! மில்லுக்கு வருகிறவர்கள், கீரைக்காரம்மா, எதிர்வீட்டு மதினி என்று எல்லோரிடமும், "ஆறாயிரம் ரூபா ஸ்டிக்காக்கும்" என்று சொல்லித் தீர்த்தேன். மகள் மட்டும் ஏனோ முன்போல வந்ததும் வராததுமாக விளையாட்டுக் கதை சொல்வதில்லை. "டயர்டா இருக்கும்மா" என்பாள். வயசுக்கு வந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனவள் "ஆ" என்று அலறிக் குடத்தைக் கீழே போட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் இடது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. "எப்பத்தா இது?" என்றால் வாயைத் திறக்கவில்லை. நல்லெண்ணெயைச் சுட வைத்து நன்றாக உருவி விட்டேன். சாயங்காலம் வீக்கம் இன்னும் கூடிவிட்டது. அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். மூன்று வாரமாக வலியாம்.

"ஏண்டி சொல்லலை?"

"நீ ஆறாயிரம் ஆறாயிரம்னு எல்லார்கிட்டயும் சொன்னியேம்மா. இந்த ஸ்டிக்கு எனக்குச் சேரலைன்னு சொன்னா உன் காசு வீணாப் போயிருமே."

எனக்கு நெஞ்சில் யாரோ குத்தின மாதிரி இருந்தது. பிள்ளைக்கு ஆசையாக ஒரு பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் விலையை அவள் தலையில் தூக்கி வைத்திருக்கிறேன். அவள் மணிக்கட்டு தாங்காமல் போனதில் என்ன ஆச்சரியம்?

மறுநாள் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது என்றார். மூன்று வாரம் விளையாட்டு கூடாது. துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம், மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. நான் எண்ணெய் போட்டு உருவியதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை! வீக்கமும் சூடும் இருக்கிற இடத்தை அழுத்தி உருவவே கூடாதாம். "வளர்ற பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில வளர்ச்சி நடக்கிற இடம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காதும்மா. அதனால மூட்டுப் பக்கம் வலின்னு சொன்னா, தானா சரியாப் போகும்னு நாள் கடத்தாதீங்க" என்றார். 'வளர்ற பிள்ளை' என்பதை நான் ஒரு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேறு அர்த்தத்தில் சொன்னார்.

அதன் பிறகு பி.டி. டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கறுப்பு ஸ்டிக்கையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர் கோபப்படாமல், மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். அது உங்களுக்கும் உபயோகப்படும்.

முதலில் நீளம். பிள்ளையை நேராக நிற்க வைத்து, ஸ்டிக்கைப் பக்கத்தில் தரையில் ஊன்றினால் அதன் மேல் நுனி இடுப்பெலும்பு வரை வர வேண்டும். என் மகள் 4 அடி 11 அங்குலம். அவளுக்கு 35 அங்குலமே சரி. இந்த ஸ்டிக்கோ இடுப்பைத் தாண்டி நின்றது. நீளம் கூடினால் பிள்ளை நன்றாகக் குனியாமல், கையை அகட்டி வைத்து மணிக்கட்டாலேயே சமாளிக்கும்.

அடுத்தது எடை. விதிப்படி ஸ்டிக் 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அது பெரியவர்களுக்கும் சேர்த்து வைத்த எல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 500 கிராமை ஒட்டி இருந்தால் போதும் என்றார் டீச்சர். எங்கள் கறுப்பு ஸ்டிக் அதைவிட அறுபது கிராம் கூட. "அறுபது கிராம் ஒரு பெரிசா டீச்சர்? ஒரு கோழி முட்டை கனம்தானே" என்றேன். "அந்த முட்டையை ஒரு நீளக் கம்போட நுனியில கட்டி ஒரு மணி நேரம் சுத்திப் பாருங்கம்மா" என்று சிரித்தார். ஸ்டிக்கின் மேல் நுனியை இடது கையால் மட்டும் பிடித்து, கையை நேரே நீட்டி, பத்து எண்ணும் வரை நடுங்காமல் வைத்திருக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்க்கலாமாம். ஹாக்கியில் ஸ்டிக்கைத் திருப்புவது இடது கைதான். இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் தட்டை.

மூன்றாவது, ஸ்டிக்கின் விறைப்பு. கார்பன் கூடக் கூட ஸ்டிக் விறைப்பாகும். அடித்தால் பந்து சீறிக்கொண்டு போகும். ஆனால் வருகிற பந்தைத் தடுத்து நிறுத்தினால் துள்ளி ஓடிவிடும். தப்பி அடித்துவிட்டால் அதிர்ச்சி அப்படியே கைக்கு ஏறும். பந்து ஒன்றும் லேசானதல்ல, 156 முதல் 163 கிராம். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு நாரிழை அதிகமுள்ளதோ, மரத்தில் செய்ததோ நல்லது. பந்து ஸ்டிக்கில் ஒட்டினாற்போல் நிற்கும்.

கடைசியாக, எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பது. பின்னால் நின்று பந்தை ஓங்கி அடித்து விரட்டுகிறவளுக்குக் கனமான, விறைப்பான ஸ்டிக் பொருந்தும். என் மகள் முன்வரிசையில் புகுந்து புகுந்து ஓடுகிறவள். அவளுக்கு லேசானதுதான் வேண்டும். போதாததற்கு எங்கள் பள்ளிக்கூட மைதானம் மண் தரை. விலை உயர்ந்த ஸ்டிக்கின் அடிப்பாகம் அதில் உரசி உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கோவில்பட்டியில் வாக்கப்பட்ட என் அக்காவிடம் போனில் இதைச் சொல்லி அழுதேன். அந்த ஊரில் ஹாக்கி என்றால் வீட்டுக்கு வீடு பேச்சு. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன்தான். அத்தான் போனை வாங்கி, "நாங்கல்லாம் ஜலந்தர்ல இருந்து வர்ற மல்பெரி மர ஸ்டிக்ல பழகினவங்கதான். ஒசத்தி ஸ்டிக்கு பிறகு கைக்குத் தானா வரும். நம்ம ராணி ராம்பால் உடைஞ்ச ஸ்டிக்ல பழகினவங்க, தெரியுமா?" என்றார். ஹரியானாவில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள் அவர். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அணி நாலாவது இடம் வந்தபோது அவர்தான் கேப்டன். உடைந்த ஸ்டிக்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. விலைதான் ஆட்டத்தைத் தரும் என்று நினைத்தேனே, அது தப்பு.

எனக்கு அப்போது என் அப்பத்தா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர் வீட்டில் இரண்டு உலக்கை இருக்கும். ஒன்று கனம், பெரியவர்களுக்கு. இன்னொன்று லேசு, நாங்கள் சின்னப் பெண்கள் இடிக்க. வீம்புக்குப் பெரிய உலக்கையை எடுத்தால், "கைக்குத் தக்கதை எடுடி. உலக்கை பெருசா இருந்தா நெல்லு சீக்கிரம் குத்துப்படாது, உன் கைதான் காய்ச்சுப் போகும்" என்பார். படிக்காத அப்பத்தாவுக்குத் தெரிந்தது, பத்தாவது படித்த எனக்குத் தெரியவில்லை பாருங்கள்!

அந்தக் கறுப்பு ஸ்டிக் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? டீச்சரே ஒரு வழி சொன்னார். பதினோராவது படிக்கும் ஒரு பெண், நல்ல உயரம், பின்வரிசையில் ஆடுகிறவள். அவளுடைய பழைய ஸ்டிக் அவளுக்குக் குட்டையாகிவிட்டது. 35 அங்குலம், பாதி சாயம் போனது, கிரிப் மட்டும் புதிதாகச் சுற்றியிருந்தது. இரண்டு வீட்டிலும் பேசி, இருவரும் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா பூ விற்பவர். வித்தியாசத்துக்கு ஏதாவது தருகிறேன் என்றார். நான் வாங்கவில்லை. நம் மகள் வளர்ந்த பிறகு, அந்தப் பெண் படிப்பு முடிந்து போகும்போது கறுப்பு ஸ்டிக்கைத் திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். "உன் சிறுவாட்டுக் காசு பள்ளிக்கூடத்துல வட்டிக்கு நிக்குது" என்று இவர் கேலி செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வாரம் கழிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மகளை மைதானத்துக்கு அனுப்பினேன். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கதை ஆரம்பித்துவிடுகிறது. யார் யாரைத் தாண்டி ஓடினாள், எப்படிக் கோல் போட்டாள் என்று தோசை வார்க்க விடாமல் பேசுகிறாள். அந்தச் சத்தம் ஒரு மாதம் என் வீட்டில் இல்லாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லையே என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் போகும் தாய்மார்களே, கடையில் பிள்ளை எதைக் கையில் வெகு நேரம் வைத்துப் பார்க்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். சொல்லிக் கொடுக்கும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். வாங்கின பிறகு விலையை மறந்துவிடுங்கள்.

யூனிபார்மை மட்டும் இந்த வருஷமும் இரண்டு இஞ்சு கூட விட்டுத்தான் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அதில் மாற்றமில்லை!