கால் கழுவும் ஊழியம்

தொழுநோயிலிருந்து குணமான முதியவர்களின் கால்களைப் பராமரிப்பது எங்கள் சபைக் குழுவின் வாராந்தர ஊழியம். அன்புகூர மனம் மட்டும் போதாது, கையும் பழக வேண்டும் என்று எனக்குக் கற்பித்தது அதுதான்.

கூட்டு மருந்து சிகிச்சை 1980-களில் பரவியதிலிருந்து இந்த நோயைக் குணப்படுத்த முடிகிறது. ஆனால், நெடுநாளுக்கு முன்பே செத்துப்போன நரம்பு மீள்வதில்லை. பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. நோயே விரல்களை அழுகி விழச் செய்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால் வரும் காயங்களே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். காலுக்கு வலி தெரியாதபோது கண்தான் அதற்குக் காவல்.

பேசினில் பச்சைத்தண்ணீர் மட்டுமே ஊற்றுவோம். வெந்நீர் கூடவே கூடாது. இருபது நிமிடம் ஊறியதும், காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்ப்போம். பிளேடைத் தொடுவதில்லை. விரலிடுக்கை ஒற்றி எடுத்துவிட்டு, பாதத்தில் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் பூசுவோம். எண்ணெய் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்தால் வெடிப்பு விழாது. பிறகு உள்ளங்காலில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஓரிடம் மட்டும் சுட்டால் உள்ளே புண் உருவாகிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலுக்கு ஓய்வும் மருத்துவரின் பார்வையும் உடனே வேண்டும். கடைசியாகச் செருப்பையும் தடவிப் பார்ப்போம், ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று.

"நீ போய் என் காலைத் தொடுறதாம்மா?" என்று காலை இழுத்துக்கொள்வார் ஒரு பெரியவர். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் மறுத்தவர்தானே! "பரவாயில்லைங்க ஐயா, நீட்டுங்க" என்று தரையில் உட்கார்ந்து, முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். ஊர்க்கதை பேசுவோம். கால் தானாக நீளும். எத்தனையோ வருடம் யாரும் தொடாத உடம்புக்கு, அவசரமில்லாத தொடுகையே முதல் மருந்து.

லூக்கா சுவிசேஷத்தில் வரும் நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்தான், கட்டினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான். அதோடு நிற்காமல், திரும்பி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். இந்த ஊழியத்துக்கு உயிர் அந்தத் திரும்பி வருதலில் இருக்கிறது. ஒரு நாள் கழுவிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டால் புண் ஆறாது. வாராவாரம் போனால்தான், போன வாரம் இல்லாத சிவப்பு இந்த வாரம் கண்ணில் படும். அதைவிட முக்கியம், நாங்கள் இல்லாத நாட்களில் பெரியவரே கண்ணாடியை வைத்துத் தன் உள்ளங்காலைப் பார்க்கப் பழக்குவது. அவர் எங்களை எதிர்பார்த்தே இருக்க வேண்டும் என்று விரும்புவது அன்பாகாது.

இந்த ஊழியத்துக்குத் தொழுநோய் இல்லம் தேடிப் போக வேண்டியதில்லை. சர்க்கரை நோயிலும் கால் இப்படி மரத்துப்போகக்கூடும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, குனிய முடியாத, கண் மங்கிய ஒருவர் அந்தக் காலோடு இருக்கக்கூடும். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது அவர் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். "காலைக் காட்டுங்க, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்.